நடுரோட்டில் இரண்டு கிலோ நெத்திலி

போன வாரம் நான் இரண்டு கிலோ நெத்திலி வாங்கினேன்.

'இதையெல்லாமா வாரப் பத்தியில் எழுதுவீர்கள்?' என்று கேட்காதீர்கள். வாங்கிய இடம் அப்படி. நால்வழிச் சாலையின் நட்டநடு. என் வலது பக்கம் சென்னைக்குப் போகிற வண்டிகள். இடது பக்கம் புதுச்சேரிக்கு வருகிற வண்டிகள். எதிரில் ஒரு கிரேன். கிரேனுக்குப் பக்கத்தில் ஓர் இன்ஜினியர், ஒரு போலீஸ்காரர். அவர்களுக்கு முன்னால் அன்னக்கூடையும் அரிவாள்மனையுமாக முப்பது மீன்காரப் பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு மத்தியில், வேலைக்குக் கட்டிய புடவையோடு தார் மேல் சம்மணம் போட்டு... நான்.

ஐம்பத்திரண்டு வயசு வரைக்கும் நோ பார்க்கிங்கில் ஸ்கூட்டர் நிறுத்தியதில்லை. ஒரேயடியாக நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீடு முதலியார்பேட்டை. வேலை ஊருக்கு வடக்கே, கடலோர ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரியின் நூலகத்தில். பதினோரு வருஷமாக அந்த ரோட்டில்தான் போக, வர. ஸ்கூட்டரில் போகும்போதே புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும். அது முடிந்து மறுபடி புதுச்சேரி வரும். ஒயின் ஷாப் போர்டுகள் எங்கே நெருக்கமாகத் தொடங்குகின்றனவோ, அங்கே நம் எல்லை தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

முன்பு அது ஒரு கிராமத்து ரோடு. பஸ் வந்தால் எதிரே வருகிற மாட்டு வண்டி மண்ணில் இறங்கி நிற்கும். பிறகு கல்லூரிகள் வந்தன. அப்பார்ட்மென்ட் வந்தது, ரிசார்ட் வந்தது, கல்யாண மண்டபம் வந்தது, 'கடல் தெரியும் வில்லா' வந்தது. ரோடு மட்டும் அதே ரோடு. காலையில் காலேஜ் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். அதன் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு நான் நிற்பேன்.

பொறுக்குமா எனக்கு? மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் காட்டமாக ஒரு பத்தி எழுதினேன். 'இந்த ரோட்டை எப்போது அகலப்படுத்தப் போகிறீர்கள்? நாங்கள் ரிட்டையர் ஆன பிறகா?' என்று. உங்களில் எத்தனை பேர் பாராட்டி எழுதினீர்கள்! ஒருவர் அதை ஜெராக்ஸ் எடுத்து ஆபீஸ் ஆபீஸாகக் கொடுத்ததாகக்கூடச் சொன்னார்.

ரோடு வந்தது. என் பத்தியாலா? அட, நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனால் பேச்சு வந்தபோதெல்லாம் 'நான் அப்பவே எழுதினேனே' என்று சொல்லிக்கொள்ளத் தவறியதும் இல்லை.

புளியமரங்களை வெட்டிச் சாய்த்தபோது இரண்டு நாள் மனசு சரியில்லை. ரோடு திறந்த முதல் வாரம் இருபது நிமிஷம் முன்னதாகவே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மனசு சரியாகிவிட்டது. இதுதான் நிஜம். மறைத்து என்ன ஆகப் போகிறது?

இப்போது அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிள்ளைச்சாவடியைத் தாண்டிப் போனால், ரோட்டுக்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பம். பேர் வேண்டாம், "ஊரு பேரப் போட்டு வுட்றாத" என்று அஞ்சலை எச்சரித்திருக்கிறாள். குப்பம் கிழக்கே, கடலோரம். மற்றதெல்லாம் மேற்கே. பள்ளிக்கூடம் மேற்கே. ரேஷன் கடை மேற்கே. தண்ணீர் டேங்க் மேற்கே. மீன் வாங்குகிற அப்பார்ட்மென்ட்காரர்களும் மேற்கே. ஆக, அந்தக் குப்பத்து மனுஷர்கள் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ரோட்டைக் குறுக்கே தாண்டித்தான் ஆக வேண்டும்.

அஞ்சலைக்கு என் வயசுதான் இருக்கும். விடிந்ததும் கடற்கரையில் மீனை ஏலம் எடுப்பாள். ஏழு மணிக்கு அன்னக்கூடையைத் தலையில் ஏற்றி, ரோட்டைத் தாண்டி, மேற்கு ஓரத்தில் தன் இடத்தில் உட்காருவாள். எட்டரைக்குள் விற்றாக வேண்டும். அதற்கு மேல் அப்பார்ட்மென்ட்காரர்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், வெயிலும் ஏறிவிடும். அவள் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் கோளாறு, கடலுக்குப் போவதை நிறுத்தி வருஷக்கணக்கு ஆகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவள் குடும்பமே நடக்கிறது.

நான் வேலைக்குப் போகும்போது அவளிடம் மீன் வாங்கி, காலேஜ் கேன்டீன் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போவேன். என்னை 'டீச்சரு' என்பாள். நான் டீச்சர் இல்லை, நூலகத்தில் வேலை என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "காலேஜ்ல கீறவங்க அல்லாரும் டீச்சருதான், போ" என்று முடித்துவிடுவாள்.

சங்கரா வாங்கினால் செதில் போக்கி, கழுவி, துண்டு போட்டே தருவாள். நெத்திலியை மட்டும் ஆய்ந்து தரமாட்டாள்.

"நெத்திலிய நான் ஆய மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ஒவ்வொண்ணா தலையக் கிள்ளி, கொடல எடுத்துக்கினு குந்தினு இருந்தா எப்ப நான் யாவாரம் பாக்கறது? நீ வூட்டுக்குப் போயி டி.வி. பாத்துக்கினே ஆஞ்சிக்கோ."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ரோடு போட்டு முடித்தார்கள். நடுவில் டிவைடர் வந்தது. இடுப்பு உயரத்துக்குக் கான்கிரீட் சுவர், அதன் மேல் கம்பி. குப்பத்துத் தெரு ரோட்டைத் தொடுகிற இடத்தில் முதலில் ஒரு திறப்பு விட்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் அதில் மூன்று பெரிய கான்கிரீட் கட்டைகள். அடுத்த திறப்பு எங்கே? வடக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல், ஒரு பெரிய அப்பார்ட்மென்ட் கேட்டுக்கு நேர் எதிரே. கார்கள் யூ டர்ன் போட வசதியாக!

தலையில் கூடையோடு அங்கே நடந்து, தாண்டி, மறுபடி இங்கே நடந்து வந்தால் ஏழரை தாண்டிவிடும். பாதி வியாபாரம் போச்சு. அதனால் பெண்கள் டிவைடரில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் என் கண்ணெதிரே அஞ்சலை ஏறினாள். கூடையைத் தூக்கிச் சுவர் மேல் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காலைப் போட்டாள். முந்தானை கம்பியில் மாட்டிக்கொண்டது. அவள் தடுமாற, கூடை சரிந்தது. மீன் முழுக்க ரோட்டில் கொட்டியது. அந்த நேரம் பார்த்து வந்த டூரிஸ்ட் வேன் மீன் மேலேயே ஏறிப் போனது. அஞ்சலை மேல் ஏறவில்லை. ஒரு முழம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவளோ டிவைடர் மேல் உட்கார்ந்தபடியே வேனை, வேன் டிரைவரை, ரோட்டை, ரோடு போட்டவர்களை, அவர்களைப் பெற்றவர்களை ஒருத்தர் விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் பேப்பர்ல எழுதி ரோட்டப் பெருசு பண்ண வெச்சியாமே?"

யார் சொல்லியிருப்பார்கள்? நான்தான். கேன்டீனில் பெருமை அடித்துக்கொண்டது குப்பம் வரைக்கும் போயிருக்கிறது.

"அகலம் பண்ணச் சொன்னேன் அஞ்சலை. வழியை அடைக்கச் சொல்லலையே?"

"அகலம் பண்ணா அடைக்காம வுடுவானா? அதுகூட தெரியாமத்தான் எழுதினியா நீ?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

சரி, எழுதிக் கெடுத்ததை எழுதியே சரி செய்வோம் என்று கிளம்பினேன். குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் ஆறுமுகத்தைப் போய்ப் பார்த்தேன். அவர்கள் ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்திருந்தார்கள். ஓர் ஆபீஸில் 'இந்த இடம் எங்கள் எல்லையில் வராது' என்றார்களாம். இன்னொன்றில் 'பாதுகாப்புக்காகத்தான் மூடினோம்' என்றார்களாம். பாதுகாப்பு! யாருக்கு? காரில் போகிறவருக்கா, கூடையோடு நடக்கிறவளுக்கா?

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

மாசி மகத்தன்று மேற்கே இருக்கிற விவசாய கிராமத்து அம்மன் அலங்காரத்தோடு டிராக்டரில் வந்து, இந்த ரோட்டைத் தாண்டி, குப்பத்துத் தெரு வழியாகத்தான் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். ரோட்டு முனையில் நின்று அம்மனை வரவேற்பது குப்பத்துக்காரர்களின் உரிமை. யார் தாத்தா காலத்திலிருந்தோ நடக்கிற வழக்கம். நான் பிடித்துக்கொண்டேன். 'அந்த வழியை அடைத்தால் எப்படி? அம்மன் அப்பார்ட்மென்ட் வாசலில் போய் யூ டர்ன் போட்டு வருமா?' என்று ஒரு மனு எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

ஆறுமுகம் படித்துவிட்டுத் தொடையைத் தட்டினார். "மேடம், இதுக்கு எவனும் மாட்டேன்னு சொல்ல முடியாது!" பஞ்சாயத்து ஆண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அஞ்சலைக்கும் படித்துக் காட்டினேன். செதில் சீவிக்கொண்டே கேட்டாள்.

"சாமிக்கு எதுக்கு வழி கேக்கற? எனக்குக் கேளு."

"உனக்கும் சேர்த்துத்தான் அஞ்சலை. சாமி பேரைச் சொன்னாத்தான் குடுப்பாங்க. உன் பேரைச் சொன்னா யார் குடுப்பாங்க?"

நான்தான் சொன்னேன், இதே வாயால். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் குனிந்து, மீனைத் திருப்பிப் போட்டுச் சீவ ஆரம்பித்தாள்.

அந்த மனு போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்றே வாரத்தில் இன்ஜினியர் நேரில் வந்துவிட்டார். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. குப்பத்துக் கோயில் முன்னால் ஜமக்காளம் விரித்தார்கள். ஆறுமுகம் சால்வை போர்த்தினார். நானும் பக்கத்தில் நின்று பல் தெரியப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"உங்க கோரிக்கையை அப்படியே ஏத்துக்கிட்டோம் மேடம்," என்றார் இன்ஜினியர். "மாசி மகத்தன்னிக்குக் காலையில கிரேன் வெச்சு மூணு கட்டையையும் எடுத்துடுவோம். சாமி கடலுக்குப் போய்த் திரும்பினதும், மறுநாள் காலையில மறுபடி வெச்சிடுவோம். வருஷா வருஷம். ஆர்டரே போட்டாச்சு."

ஆண்கள் கைதட்டினார்கள். பின்னால் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

"மத்த நாளைக்கு?"

இன்ஜினியர் காகிதத்தைப் புரட்டினார். நிஜமாகவே தேடினார், பாவம். "மனுவுல அதைப் பத்தி எதுவும் இல்லையேம்மா..."

இல்லைதான். எழுதியவள் எனக்குத் தெரியாதா? அம்மன், சாமி, தீர்த்தவாரி என்று வரிக்கு வரி எழுதியிருந்தேன். மீன் கூடை ஓர் இடத்திலும் இல்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள், ஃபைலை மூடிவிட்டார்கள். இனி எந்த ஆபீஸில் போய் நின்றாலும் 'அதான் கொடுத்தாச்சே' என்பார்கள். அஞ்சலையின் வழியை டிவைடர் பாதி அடைத்தது என்றால், மீதியை என் மனு அடைத்தது.

அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலாம் என்று இருந்திருக்கும்.

மாசி மகத்தன்று லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். மூன்று கட்டைகளையும் தூக்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள். மேளத்தோடு அம்மன் வந்தது. போலீஸ் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியது. நடுரோட்டில் டிராக்டர் நின்றது. தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், குப்பத்துப் பெண்கள் ஆரத்தி சுற்றினார்கள். அரை மணி நேரம். அவ்வளவு நேரமும் பஸ், லாரி, ஏ.சி. கார் எல்லாம் நின்றன. ஒரு ஹாரன்? ம்ஹூம். காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களை நானே பார்த்தேன்.

எனக்குச் சாமி மேல் ஒரு கோபமும் இல்லை. நானும்தான் கும்பிட்டேன். ஆனால் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேகமாக வருகிற வண்டிகள், நிற்க முடியாது, நின்றால் ஆபத்து... இப்படிச் சொல்லித்தானே அடைத்தார்கள்? நிற்கிறதே! அரை மணி நேரம் அழகாக நிற்கிறதே! அஞ்சலை தாண்டுவதற்கு அரை நிமிஷம் போதுமே ஐயா!

என் பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு அஞ்சலை நின்றிருந்தாள். அவள் கண் அம்மன் மேல் இல்லை. ஓரமாகக் கிடந்த கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரு, நாளைக்கு எத்தினி மணிக்கு அத்தத் தூக்கி வெப்பானாம்?"

"ஏழு மணின்னு சொன்னாங்க."

"சரி. நாளைக்கு நெத்திலி வாங்க வந்துடு. மறந்துடாத."

வியாபாரம் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கிரேன் வந்து நின்றிருந்தது. ஆனால் கட்டைகளை வைக்க இடம் இல்லை. திறப்பு முழுக்கக் குப்பத்துப் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அஞ்சலை.

போலீஸ்காரர் கைத்தடியைத் தரையில் தட்டினார். "எழுந்திரும்மா! நடுரோட்டுல போராட்டமா பண்றீங்க?"

"ஐய... போராட்டம் யாரு சார் பண்றது? யாவாரம் பண்றோம். முந்தாநாளு வரைக்கும் அந்தாண்ட பண்ணோம், இன்னிக்கு இங்க பண்றோம். வண்டி போற எடத்துல ஒரு அடி ஏறி குந்தினு இருந்தா சொல்லு, எந்திரிச்சிடறோம்."

நிஜம்தான். இரண்டு பக்கமும் வண்டிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அதற்குள் ஆறுமுகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "பொம்பளைங்க இப்பிடி நடுரோட்டுல குந்தினு... ஊரு மானமே போவுது! எந்திரிங்க மொதல்ல!"

"நேத்து அம்மன் இதே எடத்துலதான நின்னுது? அதுவும் பொம்பளதான? அப்ப போவாத மானம் இப்ப இன்னாத்துக்குண்ணே போவுது?" என்றாள் அஞ்சலை.

ஆறுமுகம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "நீ வூட்டுக்குப் போ அண்ணே. அடுப்புல சோறு கெடக்குது, அண்ணியும் இங்கதான் குந்தினு கீது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பெண்கள் சிரித்த சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

இன்ஜினியர் பொறுமையான மனுஷர். குனிந்து கேட்டார்: "சரிம்மா. மீன் வித்து முடிஞ்சதும் எழுந்துடுவீங்க இல்ல?"

"வித்து, ஆஞ்சி குடுத்துட்டு எந்திரிச்சிடறோம் தம்பி. அம்மன் மேல சத்தியம்."

"அவ்வளவுதானே? வெயிட் பண்றேன்."

அவர் ஊரில் கடல் இல்லை போலிருக்கிறது.

நான் கூடைகளை எட்டிப் பார்த்தேன். சங்கரா இல்லை. கானாங்கெளுத்தி இல்லை. எந்தக் கூடையிலும் வேறு மீனே இல்லை. முப்பது கூடையும் நெத்திலி... சுண்டு விரல் நீளம்கூட வராத பொடி நெத்திலி! பதினோரு வருஷமாக எனக்கு ஒரு கிலோ ஆய்ந்து கொடுக்காத மகராசி, இன்றைக்கு ஊருக்கே ஆய்ந்து கொடுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "இன்னா டீச்சரு, எத்தினி கிலோ?"

இன்ஜினியரும் திரும்பினார். "மேடம், நல்லவேளை வந்தீங்க. நீங்களாவது இவங்களுக்குச் சொல்லுங்க. நீங்க எழுதின மனுப்படிதானே எல்லாம் செஞ்சிருக்கோம்?"

என் மனுப்படி!

அவர் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. 'உன் பேரைச் சொன்னா யார் குடுப்பாங்க?' என்று கேட்டவள் நான். அதற்குப் பதிலாகத்தான் அவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். யாரும் கொடுக்க வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திப் பூட்டினேன். திறப்புக்கு வந்தேன். புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு அவள் கூடைக்கு எதிரே தார் மேல் உட்கார்ந்தேன்.

"ரெண்டு கிலோ குடு அஞ்சலை. ஆஞ்சி குடு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. ஒரு நெத்திலியை எடுத்தாள். தலையைக் கிள்ளினாள். குடலை இழுத்தாள். என் பாத்திரத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பார்ட்மென்ட்காரர்கள் நடந்தே வந்துவிட்டார்கள். டிவைடர் வந்ததிலிருந்து நேரத்துக்கு மீன் கிடைக்காமல் அவர்களும் காய்ந்துபோயிருந்தார்கள். எனக்கு ஒரு கிலோ... ஆஞ்சியா தரீங்க? அப்போ ரெண்டு கிலோ... என்று வரிசை. ஸ்கூட்டர்காரர்கள் ஓரம்கட்டினார்கள். டவுனுக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வதாக ஒரு கிலோ சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரர் சற்றுத் தள்ளிப் போய் போனில் பேசினார். மேலிடத்தில்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். "நெத்திலிதான்... ஆமா, ஆஞ்சிதான் தராங்களாம்... எவ்ளோ? அரை கிலோ போதுமா?" என்பது காதில் விழுந்தது.

ஒன்பதரைக்கு இன்ஜினியர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?"

அஞ்சலை என் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினாள். அடிகூட மூடவில்லை. "அவசரப்பட்டா கொடலு உள்ளயே தங்கிடும் தம்பி. கொழம்பு கசக்கும். அப்பறம் டீச்சரு என்னிய ஏசும்."

பத்தரைக்கு கிரேன் டிரைவர், வேறு சைட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். போகும்போது முக்கால் கிலோ வாங்கிக்கொண்டுதான் போனார்.

கிரேன் போனதும் என் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "சொல்லு அஞ்சலை. இந்தத் தடவை நீ சொல்றதைத்தான் எழுதுவேன்."

"நாங்க தாண்டணும். எழுதிக்கோ."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"எதுக்குத் தாண்டணும்னு காரணம் எழுத வேணாமா?"

"தாண்டறதுக்குக் காரணம் வேற குடுக்கணுமா? கார்ல போறவன் எதுக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டா போறான்? சிக்னலு போடு, ஸ்பீட் பிரேக்கர் போடு, போலீசப் போடு... அது படிச்சவங்க பாடு. வழிய அடைக்காத. எழுது."

எழுதினேன். ஐந்தே வரி. என் பழைய மனுவில் கால்வாசிகூட இல்லை. முதல் கையெழுத்து அஞ்சலை. அவளுக்குப் பின்னால் இருபத்தொன்பது பெண்கள். கடைசியில் நான். காகிதம் முழுக்க மீன் ஈரம். அப்படியே இன்ஜினியர் கையில் கொடுத்தோம். அவர் அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கி, முழுக்கப் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்த வாரம் எனக்கு என்னென்ன கடிதங்கள் வரும் என்று இப்போதே தெரியும். 'ரோடு வேண்டும் என்று எழுதியதும் நீங்கள், இப்போது நடுவில் உட்காருவதும் நீங்கள். வளர்ச்சிக்கு எதிரியாகிவிட்டீர்களா?' என்பீர்கள். இல்லை. ரோடு அகலமாக வேண்டும் என்று இப்போதும் சொல்கிறேன். இன்னும் இரண்டு வழி சேர்த்துப் போடுங்கள், நானே ஸ்கூட்டரில் சந்தோஷமாகப் போகிறேன். ஆனால் ரோடு நீளவாக்கில் போகிறவர்களுக்கு மட்டும்தான் சொந்தம் என்று யார் எழுதிக் கொடுத்தது? குறுக்கே போகிறவர்கள், அந்த ரோடு மண்ணாக இருந்த காலத்திலிருந்தே போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஏறிக் குதிக்க வைத்துவிட்டு நான் இருபது நிமிஷம் முன்னதாக வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறேன்? டி.வி. பார்க்கப் போகிறேன்!

இன்றைக்கு ஆறாவது நாள். மனுவுக்குப் பதில் வரவில்லை. தினமும் ஏழு மணிக்கு அஞ்சலை கூடையைத் தலையில் வைத்து அந்தத் திறப்பு வரைக்கும் வருகிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாண்டுகிறார்கள், தண்ணீர்க் குடங்கள் தாண்டுகின்றன, பெண்கள் ராப்பகலாக முறை வைத்து உட்காருகிறார்கள். ஓரமாகக் கிடக்கிற மூன்று கட்டைகளில் ஒன்றின் மேல் யாரோ கருவாடு காய வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆறு நாளாக நெத்திலிக் குழம்பு, நெத்திலி வறுவல், மறுபடி நெத்திலிக் குழம்பு. வாயைத் திறந்து ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நேற்று இன்ஜினியர் போன் செய்தார். குரலில் பாதி கெஞ்சல், பாதி சிரிப்பு.

"மேடம், பழைய ஆர்டர் இன்னும் அப்படியேதான் இருக்கு. மூடியாச்சான்னு மேல கேக்கறாங்க. அந்த அம்மா அம்மன் மேல சத்தியம் வேற பண்ணாங்க... ஆஞ்சி முடிக்க இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?"

அஞ்சலையிடம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"கடல்ல நெத்திலி இருக்கற வரைக்கும், சார்."